வரித்தண்டலும் குடிகளின் முறையீடும்: 1854ஆம் ஆண்டுச் சென்னை ஆராய்ச்சிக் குழுவை முன்னிட்ட ஓர் ஆய்வு

புறநானூற்றின் 35ஆம் பாட்டிற்கு அமைந்த பழங்குறிப்பு, வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடித் தம் நிலத்தின்மேல் நின்ற பழைய இறைக்கடனை நீக்கிக்கொண்ட செய்தியைத் தருகின்றது. பாடாண்திணையுள் செவியறிவுறூஉத் துறையின்பாற் படுவது அப் பாட்டு. துறை நோக்கிப் பயில்வார் அதனை அரசற்குக் கூறிய அறிவுரை எனக்கொண்டு அமைவர். வரலாறு நோக்குவார்க்கோ அது வரிபற்றி எழுந்த ஒரு விண்ணப்பம். விண்ணப்பித்தவர் கடன்பட்ட குடிமகன். கேட்டவன் வரியை விதிக்கும் உரிமையுடைய வேந்தன். விண்ணப்பத்தின் பொருள் வரியின் அளவு. மூன்றும் ஐயத்திற்கு இடமின்றி விளங்குகின்றன.

வரி பற்றிய முறையீடு எக்காலத்தும் உள்ளதே. ஆயினும் அஃது யாரிடம் செய்யப்பட்டது, எதனைப் பொருளாகக் கொண்டது என்னும் இரண்டும் காலந்தோறும் மாறிவந்துள்ளன. இம் மாற்றத்தைக் காண்பதற்குச் சென்னை மாகாணத்தில் 1854இல் அமைக்கப்பட்ட ஆராய்ச்சிக் குழுவின் வரலாறு மிகவும் பயன்படும். அக்குழுவின் அறிக்கையைக் கொடுமைகளின் பட்டியலாகவே பலரும் எடுத்தாள்கின்றனர். முறையிடும் வழி எவ்வாறு அடைபட்டது, பின்னர் எவ்வளவு திறக்கப்பட்டது என்பதற்கும் அதுவே சான்று என்பது நம் கருத்து.

இடைக்காலத்து நிலையை ஒருவாறு சுட்டி மேற்செல்வோம். இரண்டாம் தேவராயன் காலத்தில், 1429ஆம் ஆண்டினவாகக் காவிரியின் வடபாலும் நடுநாட்டிலும் ஆடுதுறை, கொறுக்கை, எலவானாசூர் முதலிய ஊர்களில் கிடைத்த கல்வெட்டுக்கள், வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஒருங்குகூடி வரிக்கொடுமைக்கு எதிராகச் செய்துகொண்ட உடன்பாட்டைக் கூறுகின்றன. அதிகாரிகளுக்கும் அவர்களோடு கூடிய நிலவுடையோர்க்கும் துணைபோதல் கூடாது, கணக்கு எழுதுதல் கூடாது என முடிவு செய்ததோடு, இன்ன விளைவுக்கு இவ்வளவே இறுப்போம் என அளவையும் தாமே வரையறுத்தனர். நொபொரு கராஷிமா இக் கல்வெட்டுக்களைத் தொகுத்து ஆராய்ந்தபின் இவற்றின் அருமை நன்கு புலனாயிற்று. இதனை விண்ணப்பம் எனல் பொருந்தாது. கோயிற்சுவரிற் பொறித்த மறுப்பு என்றலே தகும். ஆயினும் பொருள் அதுவே: வரி எவ்வளவு என்பதே வழக்கு.

இனிக் கம்பெனி ஆட்சிக்கு வருவோம். 1802ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் வங்காளத்தைப் பின்பற்றி அமைந்தவை. அவற்றின்படி வரி தண்டும் கலெக்டர் வேறு, வழக்குக் கேட்கும் ஜில்லா நீதிபதி வேறு. குற்றவியல் அதிகாரமும் காவலும் நீதிபதியின் பக்கமே இருந்தன. கலெக்டரின் ஆட்கள் வரம்பு கடந்தால் குடிமகன் சென்று நிற்பதற்கு வேறொரு வாயில், ஏட்டளவிலேனும், இருந்தது. 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இதனை மாற்றின. அவ்வாண்டின் 9ஆம் விதி மாஜிஸ்திரேட் அதிகாரத்தைக் கலெக்டருக்கு அளித்தது. 11ஆம் விதி காவற்பணியை ஊர்த்தலைவரிடமும் தாசில்தாரிடமும் ஒப்படைத்தது. அன்றுமுதல் தாசில்தார் தம் வட்டத்தில் வரி தண்டுபவரும் அவரே, காவலர் தலைவரும் அவரே ஆயினார். அவர்க்கு மேலே கலெக்டரும் அவ்வாறே இரு முகம் உடையவராயினார்.

இம் மாற்றத்திற்குப் பின்னின்றவர் தாமஸ் மன்றோ. அவர் தீய நோக்கொடு இதனைச் செய்தார் எனல் நேர்மையாகாது. நீதிமன்றம் தொலைவில் உள்ளது, செலவு மிக்கது, எழுத்தறியாக் குடியானவனுக்கு எட்டாதது. இந்நாட்டார் ஓர் அதிகாரியிடமே எல்லாவற்றையும் முறையிட்டுப் பழகியவர் என்பன அவர் கொண்ட காரணங்கள். 1820இல் ஆளுநராகிய பின்னரும் அவர் மாவட்டந்தோறும் சுற்றுப்பயணம் செய்து குடிகளை நேரிற் கண்டார்; 1827 ஜூலையில் அத்தகைய பயணத்திடையே பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதியால் இறந்தார். முறைவேண்டுவார்க்கு வேந்தன் எளியனாதல் வேண்டும் என்ற நம் பழைய இலக்கணத்தை இவ் ஆங்கிலேயர் ஒருவகையில் நம்பினார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவர் வகுத்த அமைப்பு, அவரைப்போன்றே சுற்றிவரும் கலெக்டர் மாவட்டந்தோறும் இருப்பார் என்ற எண்ணத்தின்மேல் நின்றது. அவ்வெண்ணம் பொய்த்த இடத்தில் அமைப்பும் பொய்த்தது.

இரயத்துவாரி முறையில் அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஜமீன்தார் இல்லை. ஆதலின் ஒவ்வொரு பட்டாதாரரிடமும் கிஸ்தி தவறாது தண்டவேண்டிய பொறுப்பு அரசின் கீழ்நிலைப் பணியாளர் தலையில் வீழ்ந்தது. தீர்வை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தானியம் நல்ல விலை விற்ற காலத்தில் பணமாக விதிக்கப்பட்டது. 1820களின் நடுவிலிருந்து 1850களின் தொடக்கம் வரை விலை வீழ்ந்து கிடந்தது. விலை பாதியாயின், அதே தீர்வையைச் செலுத்த உழவன் இருமடங்கு நெல்லை விற்கவேண்டும். இந்நிலையில் கிஸ்திப் பணம் தானே வந்து கச்சேரியிற் சேராது என்பதை ஊகிக்க அறிவு மிக வேண்டுவதில்லை. மேலிடமோ நிலுவையைக் கொண்டே தாசில்தாரின் திறமையை அளந்தது.

இதுபற்றி வெளியே கேட்கத்தக்க குரல் முதன்முதல் சென்னை நகரிலிருந்து எழுந்தது. கசுலு இலட்சுமிநரசு செட்டியார் 1844இல் ‘கிரசண்ட்’ என்னும் இதழைத் தொடங்கியவர். 1852இல் சென்னைச் சுதேசிகள் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. அவ்வாண்டின் இறுதியில் அச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு ஒரு விண்ணப்பம் எழுதிற்று. நிலவரியின் சுமை, தறி முதலியவற்றின் மேலான தொழில்வரி, உப்பின் தனியுரிமை, நீதிமன்றங்களின் குறை, பாசனமும் பாதைகளும் கேட்பாரற்றுக் கிடத்தல் ஆகியவற்றை அது எடுத்துரைத்தது. வரியின் அளவும் வரி தண்டும் ஆட்சியின் இயல்பும் அவ் விண்ணப்பத்தில் பிரிக்கப்படாமல் நின்றன என்பது கருதத்தக்கது. மறு ஆண்டில் டான்பி சீமோர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் சென்னைக்கு வந்து, இலட்சுமிநரசு செட்டியாரைத் துணைக்கொண்டு மாவட்டங்கள் சிலவற்றைச் சுற்றிப்பார்த்தார். 1854 ஜூலையில் சென்னை மாகாணத்து நிலவுரிமை குறித்துக் காமன்ஸ் அவையில் விவாதம் நிகழ்ந்தபோது, வரி தண்டச் சித்திரவதை செய்யப்படுகிறது என்னும் குற்றச்சாட்டு வெளிப்பட்டது. கம்பெனியின் சார்பினர் அதனை ஐயுற்றனர், மறுத்தனர். மறுப்பு எழுந்தமையின் ஆராய்ச்சி தவிர்க்க முடியாததாயிற்று. நிலவரி மிகுதி என்னும் பழைய குறை பின்னுக்குச் சென்று, சித்திரவதை உண்டா இல்லையா என்ற ஒரே வினா முன்னே வந்துநின்ற இடம் இதுவே.

ஹாரிஸ் பிரபு ஆளுநராக இருந்த அக்காலத்தில், 1854 செப்டம்பரில் மூவர் கொண்ட குழு அமைந்தது. சென்னை நகரத் தலைமை மாஜிஸ்திரேட் இ. எஃப். எலியட், சிவில் அதிகாரி எச். ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜே. பி. நார்ட்டன் ஆகியோர் அம் மூவர். நார்ட்டன் அவ்வாண்டிலேயே ராபர்ட் லோ என்பவருக்கு எழுதிய திறந்த மடல் ஒன்றில் மாகாணத்தின் நிலையைக் கடுமையாகக் கண்டித்தவர். வரி தண்டல் தொடர்பான கொடுமையை ஆராய்வதே முதலில் குழுவின் எல்லை. பின்னர்க் காவல்துறைக் கொடுமையும் சேர்க்கப்பட்டது. முறையீடு உடையோர் நேரில் வரலாம், மடல் வழியும் தெரிவிக்கலாம் என அறிவிக்கப்பட்டது.

வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 நேரில் வந்து உரைத்தவை, 1,440 மடல்கள். இவ்வெண்களை எடுத்துக்காட்டுவோர் பலர். நின்று நோக்குவோர் சிலரே. சென்னையிலிருந்து முதல் இருப்புப்பாதை இராயபுரத்திற்கும் வாலாஜா ரோடுக்கும் இடையே திறக்கப்பட்டது 1856 ஜூலை முதல் நாளில். எனவே நேரில் வந்த குடியானவர் புகைவண்டி ஏறி வந்தவர் அல்லர். மாவட்டங்களிலிருந்து கால்நடையாகவும் வண்டியிலும் பல நாள் வழிகடந்து, சாகுபடியையும் அறுவடையையும் விட்டு, அயலவர் மூவர்முன் நின்று, தாம் பட்ட இழிவைத் தம் வாயாற் கூறினர். அவ்வாறு கூறியபின் திரும்பிச்செல்ல வேண்டியதும் அதே தாசில்தாரின் வட்டத்திற்கே. மடல்களின் எண்ணிக்கைக்கும் ஒரு காரணம் கூறலாம். 1854ஆம் ஆண்டின் அஞ்சற் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல், தொலைவு நோக்காது நாடெங்கும் அரையணாவுக்கு மடல் செல்லும் ஏற்பாடு வந்தது. அதற்குமுன் தொலைவு கூடக்கூடக் கட்டணமும் கூடும். குழு முறையீடுகளை எதிர்நோக்கியிருந்த திங்கள்களில்தான் இம் மலிவு வாய்த்தது. அரையணா முத்திரை இல்லையேல் 1,440 என்னும் எண் மிகச் சுருங்கியிருக்கும் என்று நாம் கருதுகிறோம்.

அவர்கள் கூறியவை யாவை? அறிக்கை வரிசைப்படுத்தும் முறைகள் பல. வெயிலில் நிறுத்தல், உணவுக்கும் இயற்கைக் கடன்களுக்கும் விடாது தடுத்தல், அடைத்துவைத்தல், மாடுகளை மேய்ச்சலுக்கு விடாது வீட்டினுள் பூட்டுதல் ஆகியவை எளியவை எனக் கருதப்பட்டன. நிலுவை வைத்தவன் வீட்டில் சேவகன் ஒருவனை அமர்த்தி, அச் சேவகனின் நாட்கூலியையும் அவனையே கொடுக்கச் செய்தல் மற்றொன்று. வரி கொடுக்க இயலாதவன் தன்னை நெருக்குபவனுக்குக் கூலி கொடுக்கவேண்டும் என்னும் இவ் ஏற்பாட்டின் கணக்கியல் வியப்புக்குரியதே. அவற்றின் மேலாகக் கிட்டியும் அண்ணாந்தாளும் வருகின்றன. கிட்டி என்பது இரு கோல்களுக்கிடையே கைவிரல் முதலியவற்றை வைத்து நெருக்குவது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியிலும் இப் பொருள் இடம்பெற்றுள்ளது. ஆங்கில எழுத்தில் சிதைந்து தோன்றும் மற்றைச் சொல் ‘அண்ணாந்தாள்’ என்பதே எனக் கொள்கிறோம். திண்ணைப் பள்ளித் தண்டனையாகவும் இப் பெயர் நம் முன்னோர்க்குப் பழக்கமானது. ஆனால் அறிக்கை விளக்குவது, ஒருவனை வளையச்செய்து, அவன் துணியையோ கயிற்றையோ கழுத்தின் மேலும் காற்பெருவிரல்களின் கீழும் செலுத்திக் கட்டிவைப்பதை. பெயர் அண்ணாத்தலைக் குறிக்க, உடல் குனிந்து கிடப்பது ஒரு முரண். பொதுப்பெயர் ஒன்று பல வகைக் கட்டுக்களுக்கும் வழங்கியிருக்கலாம்.

இவையன்றி, இழிவை ஏற்படுத்துவன ஒரு தனிவகை. இருவர் குடுமியை ஒன்றாக முடிதல், தலைமயிரைக் கழுதை அல்லது எருமையின் வாலிற் கட்டுதல், எலும்பு மாலை அணிவித்தல், தாழ்த்தப்பட்ட சாதியான் ஒருவனை முதுகின்மேல் ஏற்றிவைத்தல் என்பன அவை. இறுதியிற் சொன்னது நாம் கடந்துபோகத் தக்கதன்று. சாதியால் உயர்ந்தவனாகத் தன்னை எண்ணியவனுக்கு அது தண்டனை ஆதல் வேண்டின், முதுகின்மேல் ஏற்றப்பட்ட மனிதன் வெறும் கருவியாகக் கருதப்பட்டிருத்தல் வேண்டும். அம் மனிதன் பட்ட இழிவு எம் முறையீட்டுக் கணக்கிலும் ஏறவில்லை.

இத்துணைக் கொடுமை நிகழ்ந்தும் அதுவரை முறையீடு ஏன் மேலே எட்டவில்லை? அறிக்கையின் மிகச் சிறந்த பகுதி இதற்கு விடை கூறும் பகுதியே. கலெக்டரை நேரிற் காணவேண்டின் நெடுந்தொலைவு செல்லவேண்டும்; செலவும் நாளிழப்பும் உண்டு. எழுதி அனுப்பினாலோ, அவ்வெழுத்து வழக்கமான ஒரு புறக்குறிப்போடு தாசில்தாருக்கே திருப்பி விடப்படும். எவன்மேற் குறை கூறப்பட்டதோ அவனிடமே அக் குறை விசாரணைக்கு வந்துசேரும். அதன்பின் குறைகூறியவன் நிலை என்னாகும் என்பதை விரிக்கவேண்டுவதில்லை. ஒருவாறு குற்றம் மெய்ப்பட்டாலும், மாஜிஸ்திரேட் தாமே விதிக்கக்கூடிய தண்டம் ஐம்பது ரூபாய் அல்லது ஒரு திங்கட் சிறை என்ற அளவினது. 1816இல் கலெக்டரையும் மாஜிஸ்திரேட்டையும் ஒருவராக்கிய விதியின் பயன் இது. மன்றோ ஒரு வாயிலை எளிதாக்க எண்ணினார். இருந்த இரண்டாம் வாயில் அடைபட்டதே கண்ட பலன்.

குழுவினர் 1855 ஏப்ரலில் அறிக்கையை நிறைவு செய்தனர். சித்திரவதை மெய்யென ஒப்பினர்; முன்னினும் குறைந்துவருகிறது என்றனர்; பழியை இந்நாட்டுக் கீழ் அலுவலர்மேல் சுமத்தி, ஐரோப்பிய அதிகாரிகளைப் பெரும்பாலும் விடுவித்தனர். குடிகள் வெள்ளையர்மேற் குறை கூறவில்லை என்பது அவர்கள் துணிபு. இத் துணிபை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. கையால் அடித்தவனைக் குடிமகன் கண்டான். நிலுவைப் பட்டியலைக் கேட்டு எழுதிய கையை அவன் காணவில்லை. காணாததைப்பற்றி முறையிடாமையை நற்சான்றாகக் கொள்ளுதல் தருக்கத்திற்கு ஒவ்வாது. இலண்டனில் இருந்த காரல் மார்க்ஸ் இவ்வறிக்கையைப் படித்து, 1857 செப்டம்பரில் ‘நியூயார்க் டெய்லி டிரிப்யூன்’ இதழில் எழுதியபோது, குறைதீர்க்கும் வழி அடைபட்டிருந்த செய்தியையே எடுத்துக்கொண்டு பொறுப்பை ஆட்சியின்பாற் சார்த்தினார். அவர் வேறு நோக்கம் கருதி எழுதியவர். எனினும் அறிக்கையின் உயிர்நிலை எங்குள்ளது என்பதை அறிந்திருந்தார்.

அறிக்கையின் விளைவுகளுள் முதன்மையானது 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம். அதனால் சென்னை மாகாணத்தில் காவல்துறை வரித்துறையினின்றும் பிரிக்கப்பட்டுத் தனித் தலைமையின்கீழ் வந்தது. முதல் தலைவர் வில்லியம் இராபின்சன். 1861இல் இந்தியா முழுமைக்கும் வந்த காவற்சட்டம் இதற்குப் பின்னையது. 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 330ஆம் பிரிவிற்குத் தந்த எடுத்துக்காட்டுக்களுள் ஒன்று, வரிநிலுவையைப் பெறுதற்பொருட்டு ஒருவனைச் சித்திரவதை செய்யும் வருவாய் அலுவலன் குற்றவாளி என்கின்றது. அத் தண்டனைச் சட்டம் 2024 ஜூன் இறுதிவரை நடைமுறையில் இருந்தது. ஐம்பது ரூபாய்த் தண்டத்தோடு முடிந்த குற்றம் இவ்வாறு தனிப்பெயரும் ஏழாண்டுவரை சிறையும் பெற்றது.

ஆயினும் நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் வினா எஞ்சி நிற்கின்றது. முறையீட்டின் பொருள் யாது? 1852ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் அளவும் முறையும் இணைந்திருந்தன என்றோம். 1854இன் குழுவுக்கு வரையறுத்துக் கொடுக்கப்பட்டதோ தண்டும் முறை மட்டுமே. கிட்டி வைத்தார்களா என்று கேட்கலாம். அக் கிஸ்தி தகுமா என்று கேட்டல் அதன் எல்லையில் இல்லை. அரசு அளவைப்பற்றி வாளாவிருந்தது என்பதன்று. 1850களின் பிற்பகுதியில் நிலஅளவையும் புதிய தீர்வைத் திட்டமும் தொடங்கின, விலையும் ஏறிற்று. ஆனால் அவை அரசு தானே செய்தவை. குடிமகன் கேட்டு நிறுவிய உரிமை அன்று.

இப் பிரிவினையைச் சட்டமே பொறித்துவைத்துள்ளது. 1864ஆம் ஆண்டின் 2ஆம் சட்டமாகிய சென்னை வருவாய் மீட்புச் சட்டம் நிலுவையைப் பெறுதற்குரிய வழிகளைப் பொருட்பறிமுதல், நிலவிற்பனை முதலியனவாக வரையறுத்தது. அதன் 59ஆம் பிரிவு, அச் சட்டத்தின் கீழான நடவடிக்கையால் தாம் தீங்குற்றதாகக் கருதுவோர் ஆறு திங்களுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்கின்றது. 1816இல் அடைபட்ட வாயில் இங்குத் திறந்தது. ஆனால் அதற்கு முந்திய 58ஆம் பிரிவு, அரசுக்குச் செலுத்தவேண்டிய நிலவரியின் வீதம்பற்றி எந்த உரிமையியல் நீதிமன்றமும் ஆராய்ந்து முடிவு கூறுதல் ஆகாது எனத் தடுக்கின்றது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு பிரிவுகளையும் ஒருசேரப் படிக்கும் மாணவர், 1,959 பேர் பெற்றுத்தந்தது எது, பெறாதது எது என்பதை எளிதில் உணர்வர். அச் சட்டம் பெயர் மாற்றத்துடன் தமிழ்நாட்டில் இன்றும் உள்ளது.

வீதத்தைப்பற்றிய வேண்டுகோளுக்கு எஞ்சிய இடம் ஜமாபந்தி. ஆண்டுதோறும் வட்டக் கணக்குக்களைப் பார்க்குமிடத்து, விளைவு பொய்த்த நிலத்திற்குக் கலெக்டர் ‘வஜா’ அளிப்பார், அளிக்காமலும் இருப்பார். வருவாய்த் தீர்வாயம் என்னும் தமிழ்ப்பெயர் பூண்டு அவ் ஏற்பாடு இன்றும் நடைபெற, மக்கள் மனுக்களோடு செல்கின்றனர். வஜா என்னும் பிறமொழிச்சொல் இப்போது ‘தள்ளுபடி’க்கு இடங்கொடுத்துவிட்டது. வெள்ளைக்குடி நாகனார் பாட்டின் பழங்குறிப்பில் இப் பொருளில் நிற்கும் சொல் ‘வீடு’. விடுதல் என்னும் வினையடியாகப் பிறந்த அச் சொல் வரியியல் வழக்கினின்றும் எக்காலத்து நீங்கியது என்பதைக் கல்வெட்டுச் சொற்களோடு ஒப்பிட்டுக் காணுதல் தனி ஆய்வுக்கு உரியது.